முன்பள்ளியில் பிள்ளைக்குக் கடும் சுகயீனம்: அறிந்துகொள்வதும் உடனே செய்ய வேண்டியதும்

அன்பான பெற்றோர்களே, பேரன் பேத்திகளை வளர்க்கும் அம்மம்மா, அப்பப்பாமாரே, முன்பள்ளி ஆசிரியைகளே,

இந்தப் பாடம் உங்கள் எல்லோருக்கும் பொதுவானது. ஒரு பிள்ளையின் காலை நேரம் முன்பள்ளியிலும் மிகுதி நேரம் வீட்டிலும் கழிகிறது. நோயோ இரண்டு இடத்தையும் பிரித்துப் பார்ப்பதில்லை. வீட்டில் தொடங்கியது முன்பள்ளியில் முற்றலாம். முன்பள்ளியில் தெரிந்த அடையாளத்தை வீட்டில் கவனிக்காமல் விடலாம். எனவே இதை இரு தரப்பும் சேர்ந்திருந்து வாசியுங்கள். வாசிக்கச் சிரமப்படுவோருக்கு மற்றவர் வாசித்துக் காட்டுங்கள்.

இப்பாடத்தில் நீங்கள் அறிந்துகொள்பவை:

• சாதாரண சுகயீனத்தையும் உயிருக்கு ஆபத்தான சுகயீனத்தையும் வேறுபடுத்தும் அடையாளங்கள்
• டெங்கு, மூச்சு நோய், வயிற்றோட்டம், மூளைக்காய்ச்சல், வலிப்பு ஆகியவற்றில் முதலில் செய்ய வேண்டியவை
• முன்பள்ளியும் பெற்றோரும் முற்கூட்டியே பேசி முடிவுசெய்ய வேண்டியவை

1. மீளக்குடியமரும் ஊரில் இது ஏன் முக்கியம்?

வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் இடம்பெயர்ந்த பல குடும்பங்கள் இருபது, இருபத்தைந்து வருடங்களுக்குப் பின்னரே சொந்தக் காணியை மீண்டும் மிதித்தன. சிலர் நலன்புரி நிலையங்களிலிருந்து வந்தார்கள், சிலர் வன்னியிலிருந்து, சிலர் தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து வந்தார்கள். நலன்புரி நிலையத்தில் எத்தனையோ கஷ்டங்கள் இருந்தன. ஆனால் கொட்டிலுக்குக் கொட்டில் நெருக்கமாக இருந்தபடியால், பிள்ளைக்கு ஒன்றென்றால் பத்துப் பேர் எட்டிப் பார்த்தார்கள். மீளக்குடியமர்ந்த ஊரில் பக்கத்துக் காணி இன்னும் பற்றையாக இருக்கலாம். அதற்கு அடுத்த வீட்டுக்காரர் இன்னும் திரும்பாமல் இருக்கலாம். அப்பா கடலுக்கோ கூலி வேலைக்கோ போய்விட்டால் அம்மா தனித்துவிடுகிறார்.

இந்த நிலையில், பிள்ளையைத் தினமும் மூன்று, நான்கு மணித்தியாலம் கவனித்துப் பார்க்கும் இரண்டாவது ஆள் முன்பள்ளி ஆசிரியைதான். அவர் பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துப் பார்க்கிறார். நேற்று ஓடி விளையாடிய பிள்ளை இன்று மூலையில் சுருண்டிருப்பது அவருடைய கண்ணில்தான் முதலில் படும்.

இன்னொரு காரணமும் உண்டு. சிறு பிள்ளையின் உடல் பெரியவர்களின் உடலைப்போல் நோயை நெடுநேரம் தாங்காது. காலை எட்டு மணிக்குச் சோர்வாக இருந்த பிள்ளை மதியத்துக்குள் மோசமடையக்கூடும். நேரத்தோடு புறப்பட்டால் பெரும்பாலான பிள்ளைகளைக் காப்பாற்றிவிடலாம்.

2. நான்கு பொது அபாய அடையாளங்கள்

நோயின் பெயரை நீங்கள் கண்டுபிடிக்கத் தேவையில்லை. அது வைத்தியரின் வேலை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 1990களில் வகுத்த வழிகாட்டல், ஐந்து வயதுக்கு உட்பட்ட எந்தப் பிள்ளையிலும் முதலில் பார்க்க வேண்டியவை என்று நான்கு அடையாளங்களைச் சொல்கிறது:

1. பிள்ளையால் தண்ணீரோ பாலோ குடிக்க முடியவில்லை.
2. குடித்தது, உண்டது எல்லாவற்றையும் சத்தி எடுக்கிறது.
3. இந்தச் சுகயீனத்தின்போது வலிப்பு வந்தது, அல்லது இப்போது வந்துகொண்டிருக்கிறது.
4. வழக்கத்துக்கு மாறாக மயங்கிக் கிடக்கிறது. எழுப்பினால் எழும்பவில்லை, அல்லது எழும்பினாலும் உங்களைப் பார்ப்பதில்லை.

இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். மற்ற அடையாளங்கள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டும்.

நித்திரைக்கும் மயக்கத்துக்கும் வேறுபாடு தெரியாமல் சிலர் குழம்புவதுண்டு. நித்திரையில் உள்ள பிள்ளையைத் தூக்கிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது சிணுங்கும், கண்ணைக் கசக்கும், அம்மாவைத் தேடும். நோயினால் மயங்கும் பிள்ளை துவண்டு விழும். அல்லது கண் திறந்திருந்தாலும் எங்கோ பார்க்கும்.

3. மூச்சைப் பாருங்கள், எண்ணுங்கள்

இருமல், தடிமன் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். அது நியூமோனியாவாக மாறியிருக்கிறதா என்பதை அறிய, வீட்டிலும் முன்பள்ளியிலும் செய்யக்கூடிய எளிய வழி மூச்சை எண்ணுவது.

பிள்ளையை அம்மாவின் மடியிலோ பாயிலோ அமைதியாக இருக்க விடுங்கள். அழும்போது எண்ணினால் கணக்குப் பிழைக்கும். சட்டையை உயர்த்தி, நெஞ்சு அல்லது வயிறு மேலெழும்புவதைப் பாருங்கள். ஒரு தடவை மேலெழும்புவது ஒரு மூச்சு. கைத்தொலைபேசியில் நேரம் வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள்.

• 2 மாதம் முதல் 12 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளை: நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு
• 1 வயது முதல் 5 வயது வரை: 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு

வேகமான மூச்சு இருந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். கீழுள்ளவற்றில் ஒன்று இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்:

• மூச்சை உள்ளிழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே நெஞ்சு உட்குழிகிறது
• மூச்சுடன் முனகல் அல்லது கரகரத்த சத்தம் கேட்கிறது
• உதடு, நாக்கு நீலம் பாய்ந்திருக்கிறது
• மூச்சு வாங்குவதால் ஒரு வசனத்தைச் சொல்லி முடிக்க முடியவில்லை

தொய்வு உள்ள பிள்ளையின் இழுப்பு மருந்தும் அதற்குரிய குழாயும் பிள்ளையுடனேயே முன்பள்ளிக்கு வர வேண்டும். வீட்டு அலுமாரியில் இருக்கும் மருந்து பத்து மணிக்கு வரும் இளைப்புக்கு உதவாது. அதைப் பாவிக்கும் விதத்தை ஆசிரியைக்கு அம்மாவே ஒரு தடவை செய்து காட்டிவிடுங்கள்.

4. காய்ச்சல்: விட்ட பிறகும் கவனம்

யாழ் குடாநாட்டில் வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் நுளம்பு பெருகும். டிசெம்பர், ஜனவரி மாதங்களில் டெங்கு உச்சத்துக்குப் போகும். 2017 இல் இலங்கை முழுவதும் ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரம் பேர் வரை டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். 2023 முடிந்து 2024 தொடங்கிய மழைக்காலத்தில் யாழ் மாவட்டம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. ஆகவே மழைக்காலத்தில் வரும் எந்தக் காய்ச்சலையும் டெங்குவாக இருக்கலாம் என்று எண்ணியே நடந்துகொள்ளுங்கள்.

டெங்குவைப் பற்றி ஒவ்வொரு பெற்றோரும் ஆசிரியையும் மனதில் பதிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. ஆபத்து காய்ச்சல் கொதிக்கும் நாளில் அல்ல, காய்ச்சல் குறையும் நாளில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் உடம்பு குளிரும்போது, சில பிள்ளைகளுக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசியத் தொடங்கும். இந்த நிலை 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். வெளியே பார்த்தால் காய்ச்சல் இல்லை. உள்ளே இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும்.

இதில் முன்பள்ளிக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பெற்றோர் பிள்ளையைத் திரும்ப முன்பள்ளிக்கு அனுப்புவது இதே நாளில்தான். “காய்ச்சல் விட்டிட்டுது ரீச்சர், வீட்டில நிண்டால் குழப்படி” என்று சொல்லி விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். அதில் தவறான நோக்கம் எதுவும் இல்லை. ஆனாலும் மழைக்காலத்தில் காய்ச்சல் விட்டதன் பின்னர் குறைந்தது இரண்டு நாட்களாவது பிள்ளையை வீட்டில் வைத்துப் பாருங்கள். ஆசிரியைகளும், இரண்டு மூன்று நாள் வராமல் நின்று திரும்பிய பிள்ளையை அன்றைக்கு விசேடமாகக் கவனியுங்கள்.

காய்ச்சலின்போதும் அது விட்ட பிறகும் கீழுள்ளவற்றில் ஒன்று தெரிந்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்:

• கடுமையான வயிற்று வலி
• விடாத சத்தி
• மூக்கு, முரசு ஆகியவற்றால் இரத்தம் வருதல், மலம் கறுப்பாகப் போதல்
• கை கால் குளிர்ந்து ஈரமாக இருத்தல்
• ஆறு மணித்தியாலத்துக்கு மேல் சிறுநீர் கழிக்காமை
• அமைதியின்றிப் புரளுதல் அல்லது அளவுக்கு மீறிய சோர்வு

இந்த அடையாளங்கள் எதுவும் இல்லாவிட்டாலும், காய்ச்சலின் மூன்றாம் நாளில் வைத்தியரிடம் காட்டி முழுமையான இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையாயின் முதல் நாளே காட்டுங்கள்.

வீட்டில் கொடுக்கக்கூடிய மருந்து பரசிற்றமோல் மட்டுமே. ஒரு கிலோ நிறைக்கு ஒரு தடவையில் 15 மில்லிகிராம் வரை, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். 12 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு அது 180 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியாயின் 7.5 மில்லிலீற்றர். போத்தலில் எழுதியிருப்பதைப் பார்த்து, மருந்து தந்தவரிடம் அளவை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அஸ்பிரின், ஐபுபுரோபன், டைக்குளோபெனாக், மெபெனமிக் அசிட் ஆகியவற்றைக் கொடுக்கவே கூடாது. டெங்குவில் இவை இரத்தப்போக்கை உண்டாக்கும். ஜீவனி, கஞ்சி, இளநீர், பால், பழச்சாறு குடிக்கக் கொடுங்கள். சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிருங்கள். பிள்ளை சத்தி எடுத்தால் அது பானமா இரத்தமா என்று தெரியாமல் போய்விடும்.

எல்லாக் காய்ச்சலும் டெங்கு அல்ல. 2024 டிசெம்பரில் வடமராட்சி உட்பட யாழ் மாவட்டத்தில் காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாகச் சிலர் அடுத்தடுத்து இறந்தபோது, அது எலிக்காய்ச்சல் என்று பரிசோதனைகள் காட்டின. பிள்ளை வெள்ள நீரிலோ வயல் நீரிலோ விளையாடியிருந்தால் அதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இந்தியாவிலிருந்து திரும்பியோருக்கு ஒரு விசேட குறிப்பு. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் அந்நோய் இன்னும் உண்டு. ஒரு வகை மலேரியா உடம்பில் ஒளிந்திருந்து பல மாதங்களின் பின்னரும் வரும். எனவே பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் “நாங்கள் இந்த மாதம் இந்தியாவிலிருந்து வந்தோம்” என்பதை நீங்களாகவே முதலில் சொல்லுங்கள். சொல்வதால் உங்கள் பதிவுக்கோ உதவிக்கோ எந்தப் பாதிப்பும் வராது. சொல்லாவிட்டால் வைத்தியருக்கு மலேரியாவின் நினைவே வராமல் போகலாம்.

5. தோலில் புள்ளிகள்: கண்ணாடிக் குவளைச் சோதனை

காய்ச்சலோடு தோலில் சிவப்பு அல்லது ஊதா நிறப் புள்ளிகள் தோன்றினால், தெளிவான கண்ணாடிக் குவளை ஒன்றின் பக்கத்தைப் புள்ளியின் மேல் அழுத்துங்கள். கண்ணாடியினூடாகப் பார்க்கும்போது புள்ளி மறைந்தால் அது சாதாரண தடிப்பாக இருக்கலாம். மறையாமல் நின்றால் தோலுக்குக் கீழே இரத்தம் கசிகிறது என்று பொருள். இது மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமி இரத்தத்தில் பரவியதாலும் வரலாம், டெங்குவாலும் வரலாம். இரண்டுமே அவசர நிலை. எமது பிள்ளைகளின் கறுத்த தோலில் புள்ளிகள் எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், வயிறு, கீழ் இமையின் உட்பக்கம் ஆகிய இடங்களைப் பாருங்கள்.

புள்ளி இல்லாவிட்டாலும் மூளைக்காய்ச்சல் வரும். கழுத்தை முன்பக்கம் வளைக்க முடியாமை, கடும் தலையிடி, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுதல், சத்தி, வழக்கமில்லாத தூக்கம் ஆகியவை அதன் அடையாளங்கள். புள்ளிகள் தோன்றும்வரை காத்திருக்க வேண்டாம்.

கொப்பளிப்பான், சின்னமுத்து போன்றவற்றை ‘அம்மாள் வருத்தம்’ என்று சொல்லி, வேப்பிலை வைத்து வீட்டிலேயே பார்ப்பது எமது வழக்கம். வேப்பிலையும் வழிபாடும் உங்கள் விருப்பம். ஆனால் அம்மாள் வருத்தம் வந்த பிள்ளைக்கு மூச்சு வேகமானாலோ, மயக்கம் வந்தாலோ, குடிக்க முடியாமல் போனாலோ வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். தண்ணீர் வார்க்கும் நாள்வரை காத்திருக்கக் கூடாது.

6. வயிற்றோட்டமும் சத்தியும்

குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. நாம் குடிப்பது சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே தேங்கிய மழைநீரை. கல்லில் உள்ள வெடிப்புகளினூடாக மலசலகூடக் குழியின் நீர் கிணற்றுக்குப் போய்ச் சேருவதும் எளிது. வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், செங்கமாரி மூன்றும் இந்த வழியாகவே பரவுகின்றன. 2009 இல் வவுனியா முகாம்களில் செங்கமாரி எப்படிப் பரவியது என்பதை அங்கிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வயிற்றோட்டத்தில் பிள்ளையைக் கொல்வது உடம்பிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும்தான். 1971 இல் வங்காளதேச அகதிகள் இந்தியாவின் பொன்காவ் முகாமில் வாந்திபேதியால் இறந்துகொண்டிருந்தபோது, சேலைன் போத்தல்கள் தீர்ந்துபோயின. வைத்தியர் திலீப் மகலனபிஸ், உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கும்படி குடும்பத்தவர்களிடமே கொடுத்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது. அந்த நீரைப் பருக்கியவர்கள் அம்மாக்களும் அக்காக்களும்தான். உங்களுடைய முன்பள்ளியில் இருக்கும் ஜீவனிப் பொதி அதே மருந்துதான்.

கொதித்தாறிய நீரில், பொதியில் எழுதியுள்ள அளவுக்கு ஒரு முழுப் பொதியையும் கரையுங்கள். பாதி பொதி, கூடுதல் சீனி என்று மாற்ற வேண்டாம். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்குள் முடியுங்கள், மிஞ்சினால் ஊற்றிவிடுங்கள்.

• 2 வயதுக்கு உட்பட்ட பிள்ளை: ஒவ்வொரு முறை வயிற்றால் போன பின்னரும் 50 முதல் 100 மில்லிலீற்றர்
• 2 வயதுக்கு மேல்: 100 முதல் 200 மில்லிலீற்றர்

சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டியால் சிறிது சிறிதாகக் கொடுங்கள். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்த வேண்டாம்.

கண் குழிவிழுதல், அழும்போது கண்ணீர் வராமை, வாய் உலர்தல், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புதல், மலத்தில் இரத்தம், குடிக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தால் உடனே வைத்தியசாலைக்கு. போகும் வழியிலும் ஜீவனி கொடுத்தபடியே போங்கள். பிள்ளை மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

7. வலிப்பு வந்தால்

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரும். பார்ப்பவருக்குப் பயமாக இருக்கும். பெரும்பாலும் சில நிமிடங்களில் நின்றுவிடும்.

செய்ய வேண்டியவை: பிள்ளையைத் தரையில் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். சுற்றியுள்ள கதிரை, மேசையை அகற்றுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். நேரத்தைப் பாருங்கள்.

செய்யக் கூடாதவை: கையில் திறப்பு, இரும்பு கொடுக்க வேண்டாம். அது வலிப்பை நிறுத்தாது, கையைக் காயப்படுத்தும். வாய்க்குள் கரண்டியோ விரலோ வைக்க வேண்டாம். தண்ணீர் பருக்க வேண்டாம். இறுக்கிப் பிடிக்க வேண்டாம்.

ஐந்து நிமிடத்துக்குள் நிற்காவிட்டால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். முதல் தடவை வந்த வலிப்பு நின்றுவிட்டாலும் அன்றைக்கே வைத்தியசாலையில் காட்ட வேண்டும்.

8. முன்பள்ளியில் செய்ய வேண்டியவை, ஒழுங்குமுறையாக

1. பிள்ளையை நிழலான, அமைதியான இடத்தில் படுக்க வையுங்கள். தனியே விட வேண்டாம்.
2. இரண்டாம் பிரிவிலுள்ள நான்கு அடையாளங்களைப் பாருங்கள். மூச்சை எண்ணுங்கள். கை காலைத் தொட்டுப் பாருங்கள்.
3. அபாய அடையாளம் இருந்தால் முதல் அழைப்பு 1990. இரண்டாவது அழைப்புப் பெற்றோருக்கு. 1990 அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலை முதல் வட மாகாணத்தில் இயங்குகிறது. அது முற்றிலும் இலவசம்.
4. கிராம அலுவலர் பிரிவு, வீதியின் பெயர், அருகிலுள்ள கோயில், தேவாலயம் அல்லது சந்தி ஆகியவற்றைச் சொல்லுங்கள். மீளக்குடியமர்ந்த பகுதிகளில் ஒழுங்கைகளுக்குப் பெயர்ப்பலகை இல்லை. ஒருவரைப் பிரதான வீதிக்கு அனுப்பி நிறுத்துங்கள்.
5. வாகனம் உடன் வராது என்றால் ஏற்கெனவே பேசிவைத்த ஓட்டோவில் புறப்படுங்கள். பெற்றோர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அவர்கள் வைத்தியசாலைக்கு வரட்டும்.
6. ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: வயது, நிறை, எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது, என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது, என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது.

தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. அவற்றால் பார்க்க முடியாததை யாழ் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். நெடுந்தீவு, எழுவைதீவு, அனலைதீவு, நயினாதீவு ஆகிய இடங்களில் வாழ்வோர் கடலையும் கணக்கில் எடுக்க வேண்டும். அங்கே “பின்னேரம் வரை பார்ப்பம்” என்றால் கடைசிப் படகு போய்விடும். சந்தேகம் இருந்தாலே போதும், காலையிலேயே உள்ளூர் வைத்தியசாலையில் காட்டுங்கள்.

9. பெற்றோரும் ஆசிரியையும் பேசிக்கொள்ள வேண்டியவை

காலையில் பிள்ளைக்குக் காய்ச்சல். வீட்டில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். பனடோல் பாணி கொடுத்து, காய்ச்சல் தணிந்ததும் முன்பள்ளியில் விடுகிறீர்கள். ஆசிரியைக்குச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார் என்று சொல்லாமல் போகிறீர்கள். சில மணித்தியாலங்களில் மருந்தின் வேகம் குறையும், காய்ச்சல் மீண்டும் ஏறும். ஆசிரியைக்கு அது புதிய காய்ச்சலாகத் தெரியும். அவர் இன்னொரு தடவை பனடோல் கொடுத்தால் அளவு மிஞ்சிவிடும். வைத்தியரிடம் “இண்டைக்குத்தான் காய்ச்சல்” என்பார். மூன்றாம் நாள் முதல் நாளாகக் கணக்கிடப்படும்.

இதற்குப் பெற்றோரை ஏசுவதால் பயனில்லை. ஏசினால் அடுத்த முறையும் மறைப்பார்கள். அதனால் பெற்றோர் கூட்டத்தில் இவற்றைப் பேசி முடிவெடுங்கள்:

• காய்ச்சலுள்ள பிள்ளையை அழைத்துவர வேண்டாம். தவிர்க்கவே முடியாவிட்டால் உண்மையைச் சொல்லுங்கள்: எத்தனையாம் நாள், எத்தனை மணிக்கு என்ன மருந்து.
• வேலைக்குப் போகும் அம்மாமாரின் சுகமில்லாத பிள்ளையை முறை வைத்துப் பார்க்கக்கூடிய இரண்டு மூன்று பேரை ஊரில் தெரிவுசெய்யுங்கள்.
• ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு தொலைபேசி இலக்கங்கள் தாருங்கள். ஒன்று வேலை செய்யாவிட்டால் மற்றது.
• பெற்றோரைத் தொடர்புகொள்ள முடியாதபோது பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகலாம் என்று எழுத்தில் சம்மதம் தாருங்கள். “ஏன் கேட்காமல் கொண்டுபோனீர்கள்” என்ற கேள்விக்குப் பயந்து ஆசிரியை தயங்கக் கூடாது.
• ஆசிரியை தானாக எந்த மருந்தும் கொடுப்பதில்லை. பெற்றோர் எழுதித் தந்ததை மட்டும் கொடுப்பார்.
• ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் ஆசிரியை அழைத்து விசாரிப்பார். ஒரே வாரத்தில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே மாதிரியான சுகயீனம் என்றால், குடும்பநல உத்தியோகத்தருக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அறிவிப்பார்.

10. தடுப்பூசியும் சுற்றாடலும்

இலங்கையில் பிள்ளைகளுக்கு இலவசமாகப் போடப்படும் தடுப்பூசிகள்: பிறந்தவுடன் காசநோய்க்கு எதிரான ஊசி. 2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசியும் போலியோ மருந்தும். 9 மாதத்திலும் 3 வயதிலும் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஊசி. 12 மாதத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி. 18 மாதத்திலும் 5 வயதிலும் ஊக்கி ஊசிகள். இடம்பெயர்ந்து அலைந்ததில் ஏதாவது தவறியிருந்தால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விடுபட்டதைப் போடுவார்கள். பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டையோ இந்தியாவில் தந்த அட்டையையோ எடுத்துக்கொண்டு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் செல்லுங்கள். அட்டை தொலைந்திருந்தாலும் செல்லுங்கள்.

பல வருடம் பாவிக்காத கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி குளோரின் இட்ட பின்னரே பாவியுங்கள். குடிப்பதற்குக் கொதித்தாறிய நீர் மட்டும். இடிந்த வீட்டுச் சுவர்கள், கைவிடப்பட்ட தொட்டிகள், ரயர், சிரட்டை, பிளாஸ்ரிக் கோப்பை ஆகியவற்றில் தேங்கும் நீரை வாரத்துக்கு ஒரு தடவை அகற்றுங்கள். முன்பள்ளியின் அயலில் உள்ள வெறுங்காணிகளையும் சேர்த்துப் பாருங்கள்.

11. பயிற்சி: நீங்கள் என்ன செய்வீர்கள்?

அ. மூன்று வயதுப் பிள்ளை, இரண்டு நாள் இருமல். விளையாடுகிறது, பால் குடிக்கிறது. மூச்சு நிமிடத்துக்கு 46.

ஆ. நான்கு வயதுப் பிள்ளை. நான்கு நாள் காய்ச்சல், நேற்றிரவு விட்டுவிட்டது. இன்று முன்பள்ளியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறது. கை குளிர்ந்திருக்கிறது.

இ. இரண்டரை வயதுப் பிள்ளை. காலையிலிருந்து மூன்று தடவை வயிற்றால் போயிருக்கிறது. சுறுசுறுப்பாக இருக்கிறது, தாகத்தோடு குடிக்கிறது, அழும்போது கண்ணீர் வருகிறது.

விடைகள்:

அ. மூச்சு 40 ஐத் தாண்டிவிட்டது. அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும். விளையாடுகிறது என்பதற்காக விட்டுவிடக் கூடாது.

ஆ. இது மிக அவசரம். டெங்கு அபாய நிலையாக இருக்கலாம். உடனே 1990. காய்ச்சல் இல்லை என்பதால் ஏமாற வேண்டாம்.

இ. ஜீவனி கொடுக்கத் தொடங்கி, பெற்றோரை அழைத்து வீட்டுக்கு அனுப்பலாம். அபாய அடையாளங்களைப் பெற்றோருக்கு விளக்கிச் சொல்லுங்கள். மற்றப் பிள்ளைகளின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வையுங்கள்.

12. முன்பள்ளிச் சுவரில் ஒட்ட வேண்டிய தாள்

அம்புலன்ஸ்: 1990
அருகிலுள்ள வைத்தியசாலை: ..............................
குடும்பநல உத்தியோகத்தர்: ..............................
பொதுச் சுகாதாரப் பரிசோதகர்: ..............................
ஓட்டோ உரிமையாளர்கள் இருவர்: ..............................
எமது முன்பள்ளிக்கு வரும் வழி: ..............................

இன்றைக்கே இதை நிரப்பி ஒட்டுங்கள். ஒரு பிரதியை வீட்டிலும் வைத்திருங்கள்.

கடைசியாக ஒன்று. பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், “ஒன்றுமில்லை, கூட்டிக்கொண்டு போங்கோ” என்று திருப்பி அனுப்பினால் வெட்கப்பட வேண்டாம். அது வீண் அலைச்சல் அல்ல. பிள்ளையை நாளும் பார்க்கும் உங்களுக்கு “இவன் இப்பிடி இருக்க மாட்டான்” என்று மனதில் படுவதும் ஓர் அடையாளம்தான். அதை வைத்தியரிடம் அப்படியே சொல்லுங்கள். வீடு திரும்பிய பின் பிள்ளை மோசமானால், அன்றைக்கே இன்னொரு தடவையும் போங்கள்.